போர் ஓய்ந்து எத்தனை ஆண்டு கழித்து எழுத வந்தது?

மைக்கூடு:

சில வாரங்களாக ஒரு நோட்டில் கோடு போட்டு எழுதிக்கொண்டிருக்கிறேன். இடது பக்கம், ஓர் எழுத்தாளர் போரில் அகப்பட்ட ஆண்டு. வலது பக்கம், அதைப் பற்றிய புத்தகம் வந்த ஆண்டு. நடுவில் இருக்கும் இடைவெளிதான் என்னைத் தூங்கவிடாமல் செய்கிறது.

ஜெர்மன் எழுத்தாளர் ரெமார்க் முதல் உலகப்போரில் 1917 ஜூலை கடைசியில் குண்டுச்சிதறல் பட்டு மருத்துவமனைக்குப் போனார். அந்தப் போரின் கதை ஜெர்மன் நாளிதழ் ஒன்றில் தொடராக வந்தது 1928 நவம்பரில். 11 ஆண்டு. ஹெமிங்வே 18 வயதில் செஞ்சிலுவைச் சங்க ஆம்புலன்ஸ் ஓட்டுநராக இத்தாலிக்குப் போய் 1918 ஜூலையில் காயம்பட்டார். 'எ ஃபேர்வெல் டு ஆர்ம்ஸ்' 1929. அதுவும் 11. இங்கிலாந்தின் வேரா பிரிட்டன் 1915இல் படிப்பை நிறுத்திவிட்டு நர்ஸ் வேலைக்குப் போனவர். வருங்காலக் கணவர், நெருங்கிய நண்பர்கள் இருவர், கடைசியில் 1918 ஜூனில் ஒரே தம்பி என்று ஒவ்வொருவராக இழந்தார். அவருடைய தன்வரலாறு 1933இல்தான் வந்தது. தம்பி போன பிறகு 15 ஆண்டு.

அமெரிக்க எழுத்தாளர் குர்ட் வானகட் கணக்கு இன்னும் நீளம். 1945 பிப்ரவரியில் ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரம் குண்டுவீச்சில் எரிந்தபோது அவர் போர்க்கைதி. கசாப்புக்கூடத்துக்குக் கீழே இறைச்சி வைக்கும் நிலவறையில் இருந்ததால் பிழைத்தார். அப்புறம் இடிபாடுகளிலிருந்து பிணங்களைத் தோண்டி எடுக்கும் வேலை. அதற்கான புத்தகம் 1969. நடுவில் 24 ஆண்டு.

இவர்கள் எல்லாம் எழுதத் தெரியாமல் காத்திருந்தவர்கள் இல்லை. வானகட் அதற்குள் ஐந்து நாவல் எழுதிவிட்டார். இதை மட்டும் எழுத முடியவில்லை. "போர் நல்ல இலக்கியத்தைக் கொடுத்தது" என்று சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். எனக்கென்னவோ அது முதலில் எழுத்தை எடுத்துக்கொண்டது, ரொம்பக் காலம் கழித்துக் கொஞ்சம் திருப்பிக் கொடுத்தது என்றுதான் தோன்றுகிறது. உங்களுக்கு என்ன படுகிறது?

நெடுவழி:

நல்ல கேள்வி. ஆனால் கணக்கில் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது. காத்திருந்து எழுதியவர்கள் பிழைத்தவர்கள். வலது பத்தியில் எதுவும் எழுத முடியாமல் காலியாக விட வேண்டிய பெயர்கள் எத்தனை?

ஆங்கிலக் கவிஞர் வில்ஃபிரட் ஓவன் 1918 நவம்பர் 4ஆம் தேதி ஒரு கால்வாயைக் கடக்கும்போது சுடப்பட்டு இறந்தார். போர் ஓய இன்னும் ஒரு வாரம். ஊரெல்லாம் அமைதிக்கு மணி அடித்துக்கொண்டிருந்த 11ஆம் தேதியன்று அவருடைய அம்மா கைக்குத் தந்தி போய்ச் சேர்ந்தது. வயது 25. உயிரோடு இருந்தபோது அச்சில் வந்த கவிதைகள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. அவர் காத்திருக்கவில்லை, அந்தச் சேற்றில் உட்கார்ந்தே எழுதினார். அதனால்தான் நமக்கு அவரைத் தெரியும்.

மைக்கூடு:

ஒத்துக்கொள்கிறேன் நெடுவழி. அந்தக் காலிப் பக்கத்தை நான் யோசிக்கவில்லை. ஆனால் ஓவன் நிறைய எழுதியது சேற்றில் அல்ல என்று நினைவு. 1917இல் மனக்கலக்கத்துக்காக ஸ்காட்லாந்தில் ஒரு மருத்துவமனையில் சேர்த்தார்கள். அங்கேதான் இன்னொரு கவிஞரான சசூனைச் சந்தித்தார். போர் வேண்டுமென்றே நீட்டிக்கப்படுகிறது என்று வெளிப்படையாக அறிக்கை விட்டதற்காகச் சசூனை அங்கே அனுப்பியிருந்தார்கள். ஓவனின் கையெழுத்துப் படியில் சசூன் திருத்தம் போட்டது இன்றும் இருக்கிறது. முனையிலிருந்து கொஞ்சம் தள்ளி, ஒரு கட்டிலும் மேஜையும் பேச ஓர் ஆளும் கிடைத்த அந்த மாதங்களில்தான் கவிதை வேகமாக வந்தது.

நெடுவழி:

அது சரி. திருத்திக்கொள்கிறேன். அப்படியானால் உங்கள் நோட்டில் மூன்றாவது பத்தி ஒன்று வேண்டும். பக்கத்தில் யார் இருந்தார்கள்? ஓவன் போன பிறகு 1920இல் அவருடைய கவிதைகளைப் புத்தகமாகக் கொண்டுவந்ததும் அதே சசூன்தான்.

இரவுவாசகி:

மூன்றாவது பத்திக்கு என்னிடம் இரண்டு பேர் இருக்கிறார்கள்.

முதலாவது, ஹங்கேரியக் கவிஞர் மிக்லோஷ் ராட்னோட்டி. யூதர் என்பதால் கட்டாய உழைப்புப் படைக்கு அனுப்பப்பட்டு, செர்பியாவில் போர் என்ற இடத்துச் செப்புச் சுரங்கப் பகுதியில் வேலை செய்தார். (நம் காதுக்கு அந்த ஊர்ப் பெயர் எப்படி விழுகிறது பாருங்கள். அதை முதலில் படித்த நாளில் பக்கத்தைத் திருப்ப முடியவில்லை எனக்கு.) 1944 இலையுதிர்காலத்தில் அங்கிருந்து கால்நடையாகவே மேற்கே ஓட்டிப் போனார்கள். நடக்க முடியாதவர்களை வழியிலேயே சுட்டார்கள். நவம்பரில் அவரையும் சுட்டு, மற்ற இருபத்தொரு பேரோடு ஒரே குழியில் தள்ளினார்கள். 1946 ஜூனில் அந்தக் குழியைத் தோண்டினார்கள். அவருடைய மேல்சட்டைப் பையில் ஒரு சின்ன நோட்டு இருந்தது. உள்ளே கடைசிக் கவிதைகள். முதல் பக்கத்தில், இது ஒரு ஹங்கேரியக் கவிஞரின் கவிதைகள், கிடைத்தால் கொண்டுபோய்ச் சேர்க்கவும் என்கிற வேண்டுகோளை ஐந்து மொழிகளில் எழுதி வைத்திருந்தார்.

கடைசிக் கவிதையின் தேதி 1944 அக்டோபர் 31. தன் பக்கத்தில் சுடப்பட்டு விழுந்த ஓர் இசைக்கலைஞரைப் பற்றிய சில வரிகள். தனக்கும் இதுதான் என்று தெரிந்தே எழுதியது. மைக்கூடு, இவருக்கு உங்கள் இடைவெளி எத்தனை என்று போடுவீர்கள்? ஒரு நாளா, சில மணி நேரமா? அப்படிச் சொன்னாலும் நாம் படிக்க இரண்டு ஆண்டு ஆனதே, மண்ணுக்கு அடியில்.

இரண்டாமவர் ஈரேன் நெமிரோவ்ஸ்கி. பிரான்சில் பேர்பெற்ற நாவலாசிரியை. நாடு ஜெர்மானியர் கைக்குப் போன பிறகு ஒரு சிறிய ஊரில் ஒதுங்கி, தன்னைச் சுற்றி நடப்பதையே நாவலாக எழுத ஆரம்பித்தார். ஐந்து பாகம் என்று திட்டம். தாள் கிடைக்காததால் எறும்பு மாதிரி பொடி எழுத்து. இரண்டு பாகம் முடிந்த நிலையில் 1942 ஜூலையில் கைது செய்தார்கள். ஆகஸ்டில் அவுஷ்விட்ஸ் வதைமுகாமில் இறந்தார். மகள்கள் ஒளிந்து ஒளிந்து ஓடியபோது அம்மாவின் பெட்டியையும் தூக்கிக்கொண்டே ஓடினார்கள். உள்ளே இருப்பது அம்மாவின் நாட்குறிப்பு, படித்தால் தாங்காது என்று நினைத்து மூத்த மகள் பல காலம் படிக்கவே இல்லை. அது நாவல் என்று தெரிந்து, 2004இல் வெளிவந்தது. 62 ஆண்டு.

மைக்கூடு:

இதைப் படித்துவிட்டு நோட்டை மூடிவைத்தேன். நாளைக்குத்தான் எழுத வேண்டும்.

கல்வெட்டு:

எல்லாரும் இழப்பைப் பற்றியே பேசுகிறீர்கள். போர் சிலருக்குத் தொழிலையே கற்றுக்கொடுத்திருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். அகதா கிறிஸ்டி முதல் உலகப்போரில் உள்ளூர் மருத்துவமனையில் தொண்டராகச் சேர்ந்தார். பிறகு மருந்து கலக்கும் பிரிவுக்கு மாற்றினார்கள். சுற்றிலும் நஞ்சுப் புட்டிகள், எது எந்த அளவில் மருந்து, எதைத் தாண்டினால் விஷம் என்பதுதான் அன்றாட வேலை. 1917இல் அதற்கான தேர்வும் எழுதித் தேறினார். முதல் துப்பறியும் நாவலை 1916இல் அந்த வேலைக்கு நடுவில்தான் எழுதினார். அதில் வரும் கொலை ஸ்டிரிக்னைன் விஷத்தால். மருந்தியல் இதழ் ஒன்று விஷத்தைச் சரியாகக் கையாண்டிருப்பதாகப் பாராட்டியது. அவருடைய துப்பறிவாளர் பொய்ரோ பெல்ஜிய நாட்டுக்காரராக ஆனதும் அப்போது அந்த ஊரில் வந்து தங்கிய பெல்ஜிய அகதிகளால்தான்.

ஆர்வெலையும் பாருங்கள். 1937இல் ஸ்பெயினில் தொண்டையில் குண்டு துளைத்துப் பிழைத்தவர். இரண்டாம் உலகப்போரில் பிபிசியின் கீழைப் பிரிவில் இந்தியாவுக்கான ஒலிபரப்பில் இரண்டு ஆண்டு வேலை. அரசுப் பேச்சு எப்படித் தயாராகிறது, தணிக்கை எந்த இடத்தில் கை வைக்கிறது என்று உள்ளே இருந்தே பார்த்தார். அந்த அனுபவம் இல்லாமல் பின்னாளைய ஆர்வெல் இல்லை.

ஓலைநறுக்கு:

கல்வெட்டு சொல்வது உண்மைதான். ஆனால் அதே ஆர்வெலுக்கு நடந்ததையும் முழுதாகச் சொல்லுங்கள். 'விலங்குப் பண்ணை' 1944 தொடக்கத்திலேயே முடிந்துவிட்டது. அப்போது சோவியத் நாடு பிரிட்டனுக்குக் கூட்டாளி. ஸ்டாலினைச் சாடும் கதையை யாரும் தொடவில்லை. ஒரு பதிப்பகம் முதலில் சரி என்று சொல்லி, அரசு அதிகாரி ஒருவர் ஆலோசனை சொன்ன பிறகு பின்வாங்கியது. ஃபேபர் நிறுவனத்துக்காக மறுத்து எழுதியவர் டி.எஸ். எலியட். நடுவில் 1944 ஜூனில் ஆர்வெல் குடியிருந்த வீட்டின் மேல் ஜெர்மன் பறக்கும் குண்டு விழுந்தது. கசங்கிய படியை இடிபாட்டிலிருந்து எடுத்தார். ஒரு வழியாக 1945 ஆகஸ்டில் அச்சானது. கைவசம் தயாராக இருந்த சின்னப் புத்தகத்துக்கு ஒன்றரை ஆண்டு. எழுத முடியாத தாமதம் ஒன்று, எழுதியதை வெளியே விடாத தாமதம் இன்னொன்று. இரண்டையும் ஒரே பத்தியில் போடாதீர்கள்.

இரண்டாவது வகையில் என் மனதை விட்டுப் போகாதவர் சோவியத் எழுத்தாளர் வசிலி கிராஸ்மன். அவரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

1941இல் உக்ரைனின் பெர்டிச்சிவ் நகரை ஜெர்மானியப் படை பிடித்தபோது அவருடைய அம்மா அங்கே இருந்தார். மாஸ்கோவுக்குச் சீக்கிரம் அழைத்து வந்திருக்கலாம், வரவில்லை. செப்டம்பரில் மற்ற யூதர்களோடு அவரையும் கொன்றார்கள். கிராஸ்மன் 'செந்நட்சத்திரம்' என்ற ராணுவ நாளிதழின் நிருபராகப் போர்முனைக்குப் போனார். ஸ்டாலின்கிராடில் தெருத்தெருவாகச் சண்டை நடந்த மாதங்களில் அங்கேயே கிடந்தார். பிறகு பெர்லின் வரை படையோடு நடந்தார். வழியில் டிரெப்லிங்கா முகாம் இருந்த இடத்தைப் பார்த்து 1944இல் எழுதிய கட்டுரை நியூரம்பெர்க் விசாரணையில் பயன்பட்டது.

'வாழ்வும் விதியும்' நாவலை 1960இல் முடித்தார். 1961 பிப்ரவரியில் உளவுத்துறையினர் வீட்டுக்கு வந்தார்கள். அவரைக் கைது செய்யவில்லை, நாவலைக் கைது செய்தார்கள். கையெழுத்துப் படி, தட்டச்சுப் படி எல்லாவற்றோடும் தட்டச்சு இயந்திரத்தின் நாடாவைக்கூட எடுத்துப் போனார்கள். இன்னும் இருநூறு முந்நூறு ஆண்டுக்கு இதை வெளியிட முடியாது என்று கட்சியின் பெரிய தலைவர் ஒருவர் அவரிடம் சொன்னார். 1964இல் புற்றுநோயில் இறந்தார். புத்தகமாக அவர் அதைப் பார்க்கவே இல்லை. ஆனால் ஒரு படியைக் கவிஞர் லிப்கின் என்ற நண்பர் மறைத்து வைத்திருந்தார். அதை நுண்படமெடுத்து வெளியே கடத்தினார்கள். 1980இல் சுவிட்சர்லாந்தில் அச்சானது.

அந்த நாவலில் ஒரு முழு அத்தியாயம், யூதச் சேரிக்குள் அடைபட்ட ஒரு தாய் மகனுக்கு எழுதும் கடைசிக் கடிதம். கிராஸ்மனுக்கு அப்படி ஒரு கடிதம் வரவில்லை. வராத கடிதத்தை அவரே எழுதினார். அம்மா இறந்து ஒன்பதாம் ஆண்டிலும் இருபதாம் ஆண்டிலும் அம்மாவுக்குத் தனியாகவும் கடிதம் எழுதி வைத்திருந்தார்.

இரவுவாசகி:

ஓலைநறுக்கு அண்ணா, அந்த அத்தியாயத்தை என்னால் இன்னொரு முறை படிக்க முடிந்ததில்லை.

பனிமூட்டம்:

உடனே எழுதியும் யாரும் கேட்காமல் போனவர் ஒருவர்: பிரிமோ லெவி. இத்தாலிய வேதியியலாளர். அவுஷ்விட்ஸிலிருந்து 1945 அக்டோபரில் வீடு திரும்பினார். பார்க்கிறவர்களிடம் எல்லாம், ரயிலில் எதிரே உட்கார்ந்தவர்களிடம்கூட, நடந்ததைச் சொல்லிக்கொண்டே இருந்தார். ஓராண்டுக்குச் சற்றுக் கூடுதலான காலத்தில் புத்தகம் முடிந்தது. பெரிய பதிப்பகம் மறுத்தது. 1947இல் ஒரு சிறிய பதிப்பகம் 2,500 படி அச்சிட்டது, அதிலும் நிறைய விற்கவில்லை. மறுத்த அதே பதிப்பகம் 1958இல் வெளியிட்ட பிறகுதான் உலகம் படித்தது. மைக்கூடு, இங்கே எழுத்தாளர் தயார். தயாராகாதது வாசகர்கள். இந்த 11 ஆண்டை யார் கணக்கில் எழுதுவது?

ஹிரோஷிமாவில் ஹாரா தமிகி. குண்டு விழுந்த மறுநாளிலிருந்தே சின்ன நோட்டில் குறிப்பு எடுத்தார். அவருடைய கதை 1947இல் இதழில் வந்தது, அமெரிக்க ஆக்கிரமிப்புப் படையின் தணிக்கை இருந்ததால் சில பகுதிகள் இல்லாமல். 1951இல் தன்னையே முடித்துக்கொண்டார்.

கவிஞர் பால் செலான் வேறு வகை. அப்பா முகாமில் நோயால் இறந்தார், அம்மாவைச் சுட்டார்கள். அம்மா அவருக்குச் சொல்லிக்கொடுத்த மொழி ஜெர்மன். சுட்டவர்களின் மொழியும் அதுவே. கடைசிவரை அதில்தான் எழுதினார்.

கல்வெட்டு:

இன்னொரு தாமதத்தையும் சொல்லட்டுமா. ஜெர்மன் நாவலாசிரியர் குந்தர் கிராஸ், 17 வயதில் ஹிட்லரின் எஸ்எஸ் படையில் இருந்ததை 2006 வரை வெளியே சொல்லவில்லை. நோபல் வாங்கியதே 1999இல். தன் நாட்டை மறக்காதே மறக்காதே என்று உலுக்கியவர் அறுபது ஆண்டு தன்னுடையதை மறைத்து வைத்துக்கொண்டிருந்தார். எனக்கு அவர் நாவல்கள் பிடிக்கும். இதைப் படித்த பிறகும் பிடிக்கிறது. ஆனால் அந்த மௌனத்தை மற்றவர்களின் மௌனத்தோடு சேர்க்க மாட்டேன்.

வேப்பநிழல்:

இழையை முதலிலிருந்து படித்தேன். வேரா பிரிட்டன், நெமிரோவ்ஸ்கி, அகதா கிறிஸ்டி மூவரையும் தவிர, போரைப் பார்த்தவர்கள் ஆண்கள்தான் என்பது போல இருக்கிறது.

லெனின்கிராட் முற்றுகை 872 நாள். கவிஞர் ஓல்கா பெர்கோல்ட்ஸ் அந்த நகர வானொலியில் அநேகமாக நாள்தோறும் பேசினார், கவிதை படித்தார். 1942 ஜனவரியில் அவருடைய கணவர் பட்டினியில் இறந்தார். அதற்குப் பிறகும் பேசினார். பேச யாருக்கும் தெம்பில்லாத நேரத்தில் வானொலியில் மெட்ரோனோம் என்ற தாளக் கருவியின் டிக் டிக் ஓசை மட்டும் போகும், நகரம் உயிரோடு இருக்கிறது என்று சொல்ல. பட்டினியில் படுத்திருந்தவர்களுக்கு அந்தக் குரல் உணவுக்கு அடுத்தபடி இருந்தது. போருக்குப் பிறகு பிஸ்கர்யோவ் இடுகாட்டுச் சுவரில் பொறிக்கப்பட்டவை இவருடைய வரிகள்.

அப்புறம் ஸ்வெத்லானா அலெக்ஸியேவிச். சோவியத் படையில் பெண்கள் லட்சக்கணக்கில் போனார்கள், குறிபார்த்துச் சுடுபவர்களாக, விமானிகளாக, மருத்துவத் துணையாளர்களாக. திரும்பி வந்ததும் வாயை மூடிக்கொண்டார்கள். போருக்குப் போன பெண் என்றால் ஊரார் வேறு மாதிரி பார்த்தார்கள். அலெக்ஸியேவிச் ஆண்டுக்கணக்கில் வீடு வீடாகப் போய் உட்கார்ந்து கேட்டார். புத்தகம் 1985இல் வந்தது, அதுவும் தணிக்கைக்குப் பிறகு. நாற்பது ஆண்டு. எழுத்தாளர் தாமதிக்கவில்லை, கேட்க ஓர் ஆள் வரத்தான் அவ்வளவு காலம் ஆனது.

வானகட்டின் புத்தகத்துக்குப் பின்னாலும் ஒரு பெண் இருக்கிறார். முதல் அத்தியாயத்தில் அவரே சொல்கிறார். பழைய படைத்தோழரின் வீட்டுக்குப் போனபோது தோழரின் மனைவி மேரி கோபமாக இருந்தார். நீங்கள் எல்லாம் அப்போது குழந்தைகள், ஆனால் வீரர்கள் மாதிரி எழுதப்போகிறீர்கள், அதைப் படித்து இன்னொரு போருக்குக் குழந்தைகளை அனுப்புவார்கள் என்று சொல்லிவிட்டார். அந்த இடத்தில்தான் நாவலுக்குத் திசை கிடைத்தது. புத்தகத்தைச் சமர்ப்பித்த இருவரில் மேரி ஒருவர்.

மைக்கூடு:

வேப்பநிழல் அக்கா, மேரி விஷயத்தை நான் படித்திருக்கிறேன், ஆனால் இந்தக் கோணத்தில் யோசித்ததில்லை. 24 ஆண்டாக அவர் தேடியது செய்தியை அல்ல, செய்தி அவரிடமே இருந்தது. அதை யாருக்குச் சொல்கிறோம் என்பது தெரியாமல் இருந்திருக்கிறார். மூன்றாவது பத்தியை இப்போது முதல் பத்தியாக மாற்றிக்கொண்டிருக்கிறேன்.

எங்கள் குடும்பத்தில் ராணுவத்தில் இருந்த பெரியப்பா ஒருவர் உண்டு. சண்டையைப் பற்றி ஒரு நாளும் பேசியதில்லை. கேட்கத் தெரியாமல் கேட்டோமோ என்று இந்த இழையைப் படிக்கும்போது உறுத்துகிறது.

நெடுவழி:

தமிழில் யாரும் சொல்லாமல் இருப்பது ஆச்சரியம். ப. சிங்காரம் இருக்கிறாரே!

18 வயதில் 1938இல் வேலை தேடி இந்தோனேசியாவின் மெடானுக்குப் போனவர். ஜப்பானியர் பிடித்த காலம் முழுக்கத் தென்கிழக்காசியாவில் இருந்தார். மனைவியையும் குழந்தையையும் அங்கேயே பறிகொடுத்தார். போர் முடிந்து திரும்பி, ஒரு நாளிதழில் சேர்ந்து, கடைசிவரை தனியாகவே வாழ்ந்தார். எழுதியது இரண்டே நாவல். இரண்டும் அந்தப் போரைச் சுற்றியவை. 'புயலிலே ஒரு தோணி' 1962இல் எழுதி முடித்தது. அச்சானது 1972இல். பத்து ஆண்டு பதிப்பாளர் கிடைக்கவில்லை. வந்த பிறகும் பேசுவாரில்லை. நாம் இன்று கொண்டாடும் அளவில் ஒரு சிறு பங்குகூட அவர் எழுதிய காலத்தில் கிடைத்திருந்தால் மூன்றாவது நாவல் இருந்திருக்குமோ என்று எனக்கு ஆற்றாமை உண்டு. பேச்சில் தமிழும் மலாயும் டச்சும் கலந்து ஓடும் அந்த மொழியை வேறு யாராலும் எழுதியிருக்க முடியாது.

வேப்பநிழல்:

சிங்காரத்துக்கு நன்றி. அப்படியே சிவரமணியையும் எழுதிவிடுகிறேன். யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மாணவி. போருக்குள்ளேயே வளர்ந்து போருக்குள்ளேயே எழுதியவர். 1991 மே மாதம் தன் கைவசமிருந்த கவிதைகளை எரித்துவிட்டு உயிரையும் விட்டார். இன்று நாம் படிப்பவை இருபத்துச் சொச்சம் கவிதைகள். எரிந்தவை எத்தனை என்று யாருக்கும் தெரியாது.

இரவுவாசகி:

கண் கலங்கிவிட்டது அக்கா.

ஒன்று மட்டும் சேர்க்கிறேன். 'குட்டி இளவரசன்' நூலைக் குழந்தைகளுக்கு வாங்கிக் கொடுக்கும் பலருக்கு அது போர்க்காலப் புத்தகம் என்று தெரியாது. பிரான்ஸ் வீழ்ந்த பிறகு நியூயார்க்கில் இருந்தபோது செந்த் எக்சுபெரி எழுதியது. 1943 ஏப்ரலில் அங்கேதான் வெளிவந்தது. முதல் பக்கத்தைப் பாருங்கள்: லெயோன் வெர்த் என்ற நண்பருக்குச் சமர்ப்பணம். அவர் யூதர், பிரான்சில் ஒளிந்திருந்தார். பசியிலும் குளிரிலும் இருக்கிறார், அவருக்கு ஆறுதல் தேவை என்று குழந்தைகளிடம் மன்னிப்புக் கேட்கிறார் ஆசிரியர். புத்தகம் வந்த சில நாட்களில் மறுபடி விமானப்படைக்குப் போனார். 1944 ஜூலை 31ஆம் தேதி வேவு பார்க்கக் கிளம்பிய விமானம் திரும்பவில்லை. 1998இல் மார்சேய் அருகே மீனவர் ஒருவரின் வலையில் அவர் பெயர் பொறித்த கைச்சங்கிலி வந்தது. பிரான்சில் அந்தப் புத்தகம் 1946இல்தான் அச்சானது. வெர்த் பிழைத்திருந்தார். தனக்கென்று எழுதியதைப் போர் முடிந்த பிறகுதான் பார்த்தார்.

மைக்கூடு:

நேற்றிரவு அந்தச் சமர்ப்பணப் பக்கத்தை மட்டும் மூன்று முறை படித்தேன். வீட்டில் அந்தப் புத்தகம் பத்து ஆண்டாக இருக்கிறது. அந்தப் பக்கத்தை இதுவரை தள்ளிவிட்டுத்தான் கதைக்குப் போயிருக்கிறேன்.

நோட்டில் இப்போது வெர்த் பெயர், மேரி பெயர், லிப்கின் பெயர், நெமிரோவ்ஸ்கியின் மகள்கள், சசூன் எல்லாம் முதல் பத்தியில் ஏறிவிட்டார்கள். சிங்காரத்துக்கு நேராக மட்டும் யார் பெயரைப் போடுவது என்று தெரியவில்லை. 1962க்கும் 1972க்கும் நடுவில் அந்தக் கையெழுத்துப் படியை யார் படித்தார்கள் என்று தெரிந்தவர்கள் இருந்தால் எழுதுங்கள்.